சாயம் விடாத கிருமி

திங்கட்கிழமை காலை நுண்ணோக்கியில் இந்திசார் பார்த்தது ஊதா நிறத்தை. ஜோடி ஜோடியாக உருண்டைகள். மோசுல் தீக்காய மருத்துவமனை ஆய்வகத்தில் பதினாறு வருஷம் கிருமிகளுக்குச் சாயம் ஏற்றிய கை அவளுடையது. அன்று வந்த ரத்தம் அவள் கணவன் கஹ்தானுடையது. ஜெனரேட்டர் வெடித்து நெஞ்சும் கையும் வெந்து மாடியில் கிடந்தான்.

சங்கதி இதுதான். தடித்த சுவருள்ள கிருமி ஊதாவைப் பிடித்துக்கொள்ளும். ஆல்கஹால் ஊற்றினாலும் விடாது. மெல்லிய சுவரும் அதற்கு மேல் கொழுப்புப் போர்வையும் உள்ள கிருமி ஊதாவை விட்டுவிட்டு, அடுத்து ஊற்றும் சிவப்பை ஏற்கும். ஊதா என்றால் வான்கோமைசினுக்கு அடங்கும். சிவப்பென்றால் அந்த மருந்து போர்வையைத் தாண்ட முடியாமல் வாசலோடு திரும்பிவிடும். இந்திசார் ஊதா என்று எழுதினாள். மருந்து ஏறியது. ஆசைப்பட்டதே கண்ணில் பட்டுவிட்டால் எவளுக்குத்தான் மறுபடி பார்க்க மனம் வரும்?

மறுநாள் மின்சாரம் போய், கிருமித் தட்டுகளை வெதுவெதுப்பாக வைத்து வளர்க்கும் அடைகாப்புப் பெட்டி குளிர்ந்து கிடந்தது. தட்டில் கிருமி வளர்ந்து தெரிய வியாழக்கிழமை ஆகிவிட்டது. அதுவரை கஹ்தானின் காய்ச்சல் இறங்கவில்லை, சிறுநீரும் நின்றுபோனது. சக ஊழியன் கஸ்வான் தட்டைப் பார்த்து முகம் சுளித்தான். காரத் துளியில் கிருமியைக் குழைத்துக் கம்பியைத் தூக்கினான். பாகு போல நூல் எழுந்தது. மெல்லிய சுவர் உடைந்து உள்ளிருப்பது வெளியே வந்தால்தான் அப்படி நூல் வரும்.

“உம்மு சஹர்,” என்றான், எல்லோரும் அவளை அழைப்பதுபோல் மகள் பெயரைச் சேர்த்து, ‘சஹரின் அம்மா’ என்று. “இது ஊதா வகையே இல்ல. சிவப்பு வகை, அசினெடோபாக்டர். ஊதாச் சாயத்தை லேசுல விடாது, ஏமாத்தும். உங்களுக்குத் தெரியாததா?”

“தெரியும். இன்னொரு தடவை சாயம் போட்டுப் பார்த்திருக்கணும். ஊதாவைப் பார்த்ததும் போதும்னு எழுந்துட்டேன்.”

வெள்ளிக்கிழமை பார்த்தால், எதற்கு அடங்கும் என்று அறியத் தட்டில் வைத்த மருந்து வில்லைகள் ஒவ்வொன்றின் விளிம்பு வரைக்கும் கிருமி செழித்து வளர்ந்திருந்தது; எதற்கும் அடங்கவில்லை. மிச்சம் கொலிஸ்டின் என்ற மருந்து ஒன்றுதான். அது அந்தப் போர்வையையே கிழிக்கும். ஆனால் சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஏற்றிப் பார்ப்போம் என்றார் டாக்டர், அவள் முகத்தைப் பார்க்காமல்.

“ரத்தம் எடுக்கும்போதே கெட்டுப்போச்சுன்னு எழுதிடவா?” என்றான் கஸ்வான். “யாருக்குத் தெரியப்போகுது?”

“அவருக்குத் தெரியணும்,” என்று மாடியேறினாள்.

கஹ்தான் வெடித்த உதட்டோடு சிரிக்கப் பார்த்தான். “என்ன உம்மு சஹர், உன் ஊதாக்காரங்க இன்னும் சாகலையா?”

“அது ஊதா இல்ல. நான் தப்பாப் பார்த்துட்டேன். இத்தனை நாள் ஏத்துன மருந்து அதுங்களைத் தொடவே இல்ல.”

அவன் திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவனோ தலையை மெல்ல அவள் பக்கம் திருப்பினான்.

“அம்மா பாக்தாத்லேர்ந்து அடுத்த வாரம்தானே வர்றாங்க?”

“ஆமா.”

“இன்னைக்கே கிளம்பச் சொல்லு,” என்றான்.