அளவு ஜாக்கெட் வாங்குவதில்லை

'இங்கு அளவு ஜாக்கெட் வாங்குவதில்லை' என்று எங்கள் கடையில் ஒரு போர்டு தொங்குகிறது. அதற்கு நேர் கீழே நின்றுகொண்டுதான் செல்லாயி அம்மா ஜவுளிக்கடைப் பைக்குள் கைவிட்டுத் தன் பழைய ஜாக்கெட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். நன்றாகத் துவைத்து, இஸ்திரி போட்டு, பூப்போல மடித்த ஜாக்கெட். "இதே மாதிரி தச்சிடுங்க தம்பி. ஒரு இஞ்சு கூட மாத்த வேணாம்" என்றார்.

போர்டை எழுதித் தொங்கவிட்டவன் அஷ்பாக். என் வீட்டுக்காரன். கடலூரில் ஃபேஷன் டிசைன் படித்தபோது எனக்கு இரண்டு பெஞ்ச் தள்ளி உட்கார்ந்திருந்தவன். காலேஜில் டேய் என்று கூப்பிட்டவனை நிக்காஹ் முடிந்த மறுநாளிலிருந்து மச்சான் என்கிறேன். மனசுக்குள் மட்டும் இன்னும் அவன், இவன்தான். எங்கள் வகுப்பில் ராஜ்கமல் திருப்பூருக்குப் போனான், அருண்பாண்டியன் பெங்களூரில் ஏதோ பெரிய பிராண்டில் இருக்கிறான். நாங்கள் சிதம்பரம் மேலவீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மருந்துக்கடைக்கு மேலே மாடி பிடித்து 'இழை டிசைன் ஸ்டுடியோ' என்று பெயர் வைத்தோம். தெருவில் எல்லாரும் தையக்கடை என்கிறார்கள். பரங்கிப்பேட்டையில் இருக்கும் மாமனாரோ, யாராவது கேட்டால் "டெக்ஸ்டைல் பிசினஸ்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மீன் விலைக்கு மாற்றிவிடுவார்.

"பழைய ஜாக்கெட் வேணாம்மா" என்றான் அஷ்பாக். "ஒடம்பு மாறிக்கிட்டே இருக்கும். உள்ள போங்க, இவுங்க அளவு எடுப்பாங்க." வருகிறவர்களிடமெல்லாம் அவன் சொல்வதுதான். எங்கள் மேடம் மூன்று வருஷமும் வகுப்பில் சொன்னது. செல்லாயி அம்மா போர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வலது கையால் மாராப்பை இடது தோளோடு சேர்த்துப் பிடித்திருந்தார். வந்ததிலிருந்து அந்தக் கையை அவர் எடுக்கவேயில்லை.

எங்கள் கடையில் வேலை நடக்கும் விதம் இதுதான். மூலையில் ஒரு திரை. அதற்குள் நானும் வந்தவர்களும் மட்டும். நான் டேப் பிடித்து அளவைச் சொல்லச் சொல்ல, வெளியே உட்கார்ந்து அவன் எழுதிக்கொள்வான். ஆம்பளை அளவெடுத்தால் எங்கள் ஊர்ப் பக்கம் பெண்கள் படியேற மாட்டார்கள், அது நியாயம்தான். ஆனால் வெட்டுவதில் அவன் கை எனக்கு வராது. நான் வரைவேன், அவன் வெட்டுவான். பார்க்காத உடம்புக்கு என் குரலை மட்டும் கேட்டு அத்தனை கச்சிதமாக வெட்டுகிறவன் என்பதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வம். எனக்கு நிறையவே கர்வம், அதை அவனிடம் சொல்வதில்லை.

திரைக்குள் போனதும் செல்லாயி அம்மா அசையாமல் நின்றார். "கையை எடுங்கம்மா" என்றேன். வெளியிலிருந்து "ம்... சொல்லு" என்றான் அவன்.

அவர் கையை எடுத்தார். ஜாக்கெட்டின் இடது பக்கத்துக்குள்ளிருந்து மடித்த துண்டு ஒன்று பாதி வெளியே வந்திருந்தது. அதை உள்ளே தள்ளிவிட்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"இந்தப் பக்கம் எடுத்துட்டாங்க கண்ணு. பாண்டில ஆபரேசன் பண்ணி ரெண்டு வருசம் ஆவுது. அந்தத் தம்பிகிட்ட சொல்லிடாத."

"அவரு ஒண்ணும் நெனச்சுக்க மாட்டாரும்மா."

"தைக்கிறப்ப நெனச்சுக்கிட்டுதான தைக்கணும்? அது வேணாம்."

அந்தத் துண்டோடு சேர்த்தே டேப்பைச் சுற்றி, "முப்பத்தெட்டு" என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. வெளியே பென்சில் ஓடியது.

அளவெடுத்து முடிப்பதற்குள் மற்றதையும் சொல்லிவிட்டார். ஸ்ரீமுஷ்ணத்தில் வீடு. ஒரே மகள் ரேகா, அடுத்த மாதம் கல்யாணம். நிச்சயதார்த்தத்தன்று தட்டை வாங்கக் கையைத் தூக்கியபோது துண்டு கழுத்துப் பக்கம் ஏறிவிட்டது. யாரும் பார்க்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் மேடைக்கே வரவில்லை, சாப்பாட்டுப் பந்தியைப் பார்த்துக்கொள்கிறேன் என்று போய்விட்டார். வீடியோ வந்ததும் ரேகா முதலிலிருந்து கடைசிவரை ஓட்டிப் பார்த்துவிட்டு, "நீ எங்கம்மா இதுல?" என்று கேட்டிருக்கிறாள். இன்ஸ்டாகிராமில் எங்கள் கடையைப் பார்த்து அம்மாவை அனுப்பியதும் அவள்தான். "தாரை வாக்குறப்ப நான் பக்கத்துல நிக்கணுமில்ல" என்றார். "கைய மாருல வச்சுக்கிட்டே நின்னா நல்லாவா இருக்கும்?"

பத்து நாள் கழித்து முதல் ட்ரையல். அஷ்பாக் தன் வழக்கப்படி கச்சிதமாக வெட்டியிருந்தான், அதுதான் வம்பு. கரும்பச்சைப் பட்டு வலது பக்கம் அழகாக உட்கார்ந்தது, இடது பக்கம் பள்ளம் விழுந்து சுருங்கியது. "கை தூக்கச் சொல்லு ஷமீ, இழுக்குதா பாரு" என்று வெளியிலிருந்து குரல் கொடுத்தான். அவர் தூக்கினார். ஜாக்கெட் முழுக்க மேலே ஏறி, துண்டு நழுவிக் கீழே விழுந்தது. இரண்டு பேருமே குனிந்தோம். "இழுக்கல மச்சான், சரியா இருக்கு" என்றேன்.

செல்லாயி அம்மா துண்டை மடித்துக்கொண்டே சிரித்தார். "போதும்மா. இதுவே நல்லாத்தான் இருக்கு. நான் கொஞ்சம் பின்னாடி தள்ளி நின்னுக்கறேன்" என்றார்.

அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். "சின்னதா ஒரு வேலை இருக்கும்மா, முடிச்சுட்டு போன் பண்றேன்" என்று ஜாக்கெட்டை வாங்கி வைத்துக்கொண்டேன். அவர் படியிறங்கியதும் அஷ்பாக் பிடித்துக்கொண்டான்.

"சரியா இருக்குன்ன. அப்பறம் என்ன வேலை?"

"இருக்கு."

"என்னன்னு சொன்னாத்தான செய்ய முடியும்?"

"சொல்ல முடியாது மச்சான்."

அவன் முகம் சுருங்கிவிட்டது. அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. அவனுடைய வெட்டில் குறை கண்டுபிடித்து மறைக்கிறேன் என்று நினைத்துவிட்டான் போல. நினைத்துக்கொள்ளட்டும் என்று நானும் முறுக்கிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பரங்கிப்பேட்டை போய் வாப்பாவையும் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அவன் கிளம்பியதும், கடைக் கதவைச் சாத்திக்கொண்டு நானே வேலையில் இறங்கினேன். எங்களிடம் ஒரு பொம்மை உண்டு. காலேஜில் டிரெஸ் ஃபார்ம் என்போம், கடைக்கு வருகிறவர்களுக்கு அது பொம்மை, இப்போது எங்களுக்கும் பொம்மைதான். தலையும் கையும் இல்லாத, ஒல்லியான, எப்போதும் நிமிர்ந்து நிற்கும் பெண். பெரிய அளவு வேண்டுமென்றால் பஞ்சைச் சுற்றி, துணி கட்டி, ஊசி குத்தி ஆளாக்க வேண்டும். முதுகு, இடுப்பு, வயிறு, வலது மார்பு என்று நான் பஞ்சு வைத்துக்கொண்டே வந்தேன். இடது பக்கம் மட்டும் எதுவும் வைக்கவில்லை. சுற்றிலும் பஞ்சு ஏற ஏற அந்தப் பக்கம் தானாகத் தட்டையாகி, கடைசியில் செல்லாயி அம்மா என் முன்னால் நின்றார்.

நின்றதோடு சரி. பழுப்புத் தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்தால் கை ஓடவில்லை. எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த உடம்பெல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கிற உடம்பு. தாளை இரண்டாக மடித்துப் பாதியை வரைந்து வெட்டினால் மறுபாதி தானாக வந்துவிடும். மூன்று வருஷம் மடித்து மடித்தே வெட்டிய பழக்கம். இந்த முறையும் என்னையறியாமல் தாளை மடித்துவிட்டிருந்தேன். வரைந்து பார்த்தேன், கிழித்தேன், திரும்ப வரைந்தேன். துண்டுக்குப் பதிலாகப் பஞ்சில் ஒரு திண்டு தைத்து உள்ளே வைத்துப் பார்த்தால் அது கனமே இல்லாமல், காற்றால் செய்ததுபோல மேலே மேலே ஏறியது. கடைசி வருஷ ஷோவில் என் டிசைனுக்குக் கை தட்டினார்கள், மேடம் மேடையில் என்னைக் கட்டிக்கொண்டார். ஒரு பெண்மணிக்கு ஒரு ஜாக்கெட் வெட்டத் தெரியவில்லை. தலைவலிக்கிறது என்று அவனுக்கு மெசேஜ் போட்டுவிட்டு எல்லாவற்றையும் அப்படியே விட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். பொம்மையைக் கலைக்க மறந்தேனா, வேண்டுமென்றே விட்டுவந்தேனா என்று கேட்டால் எனக்கே தெரியாது.

மறுநாள் அவன் எனக்கு முன்னாலேயே கடைக்குப் போயிருந்தான். நான் படியேறி வந்தபோது மேசையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. மூலையில் பொம்மை நின்றது. அதன் தோளைச் சுற்றி, மார்பை மூடி, கடையில் கிடந்த என் மெரூன் துப்பட்டாவைப் போர்த்தியிருந்தான். நழுவாமல் இருக்க ஒரு ஊக்கும் குத்தியிருந்தான்.

மேசைமேல் பழுப்புத் தாள் மடிக்காமல் முழுசாக விரிந்திருந்தது. வலது பக்கம் ஒரு மாதிரி, இடது பக்கம் வேறு மாதிரி. இடது பக்கத்து லைனிங்கில் உள்ளே ஒரு பை, அக்குளில் கை தூக்க வாகாகச் சதுரமாக ஒரு ஒட்டு. வழக்கமாகத் தாளின் தலையில் வாடிக்கையாளர் பெயரை எழுதுவான், இதில் பெயரில்லை. என் பஞ்சுத் திண்டைப் பிரித்து மறுபடி தைத்திருந்தான். கையில் எடுத்தால் கனமாக இருந்தது, லேசாக நறநறவென்றது. கல்யாண ஜாக்கெட்டுகளுக்கு ஆரி வேலை செய்ய வைத்திருந்த கண்ணாடி மணி டப்பாவைப் பார்த்தேன். பாதி காலி.

"மணி கொறஞ்சிருக்கு மச்சான்" என்றேன்.

"வாங்கிக்கலாம்" என்றான். பிறகு டீ டம்ளரைப் பார்த்தபடியே, "நீ ஒண்ணும் சொல்லல. நானும் ஒண்ணும் கேக்கல" என்றான்.

எனக்கு அழுகை வந்தது. இவனைக் கட்டிக்கொண்டது நல்லதாகப் போயிற்று என்றும் தோன்றியது. இரண்டையும் அவனிடம் காட்டாமல் டம்ளரை வாங்கிக் கழுவப் போனேன். ஆனால் உள்ளே உறுத்தத்தான் செய்தது. அந்த அம்மா என்னை நம்பி ஒன்றே ஒன்றுதான் கேட்டார். அது இப்போது காப்பாற்றப்பட்டதா இல்லையா?

செல்லாயி அம்மா திங்கட்கிழமை தன் வீட்டுக்காரர் கலியமூர்த்தியோடு பைக்கில் வந்தார். படியில் அவர்கள் காலடிச் சத்தம் கேட்டதும் அஷ்பாக் எழுந்துகொண்டான். "வாங்க மாமா, கீழ ஒரு டீ குடிச்சுட்டு வரலாம்" என்று கலியமூர்த்தியைக் கையோடு அழைத்துக்கொண்டு இறங்கிவிட்டான். ட்ரையல் நேரத்தில் திரைக்கு வெளியே உட்காராமல் அவன் போனது அதுதான் முதல் தடவை.

அந்தத் தாளின்படி பிரித்துத் தைத்த ஜாக்கெட் அவர் உடம்பில் ஏறியது. திண்டை உள்பையில் வைத்து நானே கொக்கி மாட்டினேன். பட்டு எங்கேயும் சுருங்கவில்லை. செல்லாயி அம்மா குனிந்து பார்த்தார், திரும்பினார், இடுப்பை வளைத்தார். திண்டு அதன் இடத்தில் கிடந்தது. "கனமா இருக்கு" என்றார். "இருந்த மாரியே இருக்கு கண்ணு." பிறகு என் தோளில் சாய்ந்து கொஞ்ச நேரம் அழுதார். நானும் அழுதேன், இந்த முறை மறைக்க ஆளில்லை.

சேலையைச் சரிசெய்துகொண்டு திரையை விலக்கி வெளியே வந்தவர் மூலையைப் பார்த்து நின்றுவிட்டார். அந்தப் பொம்மையைக் கலைக்க எங்கள் இரண்டு பேருக்குமே மனசு வந்திருக்கவில்லை, துப்பட்டாவோடு அப்படியே நின்றது. நான் பதறிப்போய் முன்னால் போனேன். அவர் என்னைக் கையமர்த்தினார். பக்கத்தில் போய், துப்பட்டாவை ஓரமாக விலக்கிப் பார்த்தார். முதுகைப் பார்த்தார். தட்டையாக இருந்த அந்த இடது பக்கத்தைத் தொட்டார். மறுபடி மூடினார். ஊக்கு குத்தியிருந்த இடத்தை விரலால் தடவினார்.

"இத நீ போத்துனியா?"

பொய் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. "இல்லம்மா" என்றேன்.

மின்விசிறிக் காற்றில் துப்பட்டாவின் ஒரு பக்கம் பொம்மையின் தோளிலிருந்து நழுவியது. ஸ்டாண்டோடு சேர்த்துப் பொம்மை அவரைவிட ஒரு சாண் உயரம். செல்லாயி அம்மா இடது கையை நன்றாக மேலே தூக்கி, துப்பட்டாவை இழுத்து, சொந்தத் தங்கச்சிக்குச் செய்வதுபோல நிதானமாகச் சரிசெய்தார். வலது கை எதையும் பிடிக்காமல் பக்கத்தில் சும்மா தொங்கியது.

கீழேயிருந்து அஷ்பாக் குரல் கொடுத்தான். "ஷமீ, மேல வரலாமா?"

நான் செல்லாயி அம்மாவைப் பார்த்தேன். தூக்கிய கை இன்னும் பொம்மையின் தோளில் இருந்தது.

"வரச் சொல்லு கண்ணு" என்றார்.