சடையன் பண்ணையில் எண்ணோடு வந்த முட்டைகள்

2022ஆம் ஆண்டு ஆடி மாதத்து மூன்றாம் செவ்வாய்க்கிழமை, புதுச்சத்திரத்துக்கு மேற்கே இருக்கும் சடையன் கோழிப்பண்ணையில் முட்டைகள் எண்ணோடு வந்தன. ஆறு இலக்கம். மையில் அடித்த எண் அல்ல. ஓட்டோடு ஓடாகத் தடித்து எழும்பியிருந்தது, தடவினால் விரலில் தட்டுப்பட்டது, கழுவினாலும் போகவில்லை. அன்று முட்டை விலையில் மாற்றமில்லை. ஏற்ற வந்த வியாபாரி, ஏற்றுமதிக்குச் சீல் வைக்கிறார்களாக்கும் என்று நினைத்து ஒன்றும் கேட்காமல் ஏற்றிக்கொண்டு போனார். ஊருக்குள் சேதி பரவியதும் ஆளுக்கொரு அர்த்தம் சொன்னார்கள். பாலக்காட்டுப் பக்கம் லோடு அடிக்கிற லாரிக்காரர்கள் அதே எண்ணில் கேரளா லாட்டரி வாங்கிவந்து பார்த்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் விழவில்லை. நாலாம் நாள்தான் விஷயம் புரிந்தது. எண் கோழியுடையது அல்ல, எடுக்கிற கையுடையது. இட்ட சூடு ஆறுவதற்குள் முட்டையை யார் எடுக்கிறாரோ, அவருக்கென்று உள்ள எண் ஓட்டில் எழும்பியது. முதல் ஷெட்டில் பீகார்க்காரத் தம்பதி எடுத்த முட்டைகளில் எட்டில் தொடங்கும் எண் இருந்தது. இரண்டாம் ஷெட்டில் சடையனின் மருமகள் சுகன்யா எடுத்த முட்டைகளில் ஒன்றில் தொடங்கும் எண் இருந்தது.

அது என்ன எண் என்று கண்டுபிடித்துச் சொன்னவர் சேலத்து ஹெலன். அஞ்சு ரோட்டில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் அவர் அலுவலகம் வைத்திருந்தார். வெளிநாட்டில் குடியேற விரும்புகிறவர்களுடைய தொழில் அந்த நாட்டார் வெளியிடும் பட்டியலில் இருக்கிறதா, இருந்தாலும் தகுதி பெறுமா என்று பார்த்துச் சொல்வது அவர் பிழைப்பு. பேக்கரிக்கு வந்திறங்கிய முட்டை அட்டையைப் படியில் நின்று பார்த்தவர், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "இது தொழில் நெம்பருங்க, தினமும் நான் இதுலதான் முழிக்கிறேன்" என்று பேக்கரிக்காரரிடம் சொன்னார். மாடிக்குப் போய்க் கம்ப்யூட்டரில் அடித்தார். ஒன்றில் தொடங்கிய எண், கோழிப்பண்ணை நடத்துபவர் என்று வந்தது. தெற்குக் கடலில் இருக்கும் ஒரு தீவு நாடு அந்தத் தொழில் தெரிந்தவரைக் குடும்பத்தோடு கூப்பிட்டு, காலத்துக்கும் குடியிருக்க உரிமை தருவதாகவும் வந்தது. எட்டில் தொடங்கிய எண் பண்ணைக் கூலி. அதற்கு உரிமை கிடையாது. ஹெலன் இரண்டையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு அடுத்த பஸ்ஸிலேயே பண்ணைக்கு வந்து இறங்கினார்.

அதன் பிறகு பண்ணை வாசலில் விடிகிற நேரத்துக்கே வண்டிகள் நிற்கத் தொடங்கின. ஆட்டையாம்பட்டி, மேட்டூர் என்று எங்கெங்கிருந்தோ வந்தார்கள். ஆளுக்கு ஒரு முட்டை எடுத்துப் பார்த்துவிட்டு நேராக ஹெலனிடம் போனார்கள். சான்றிதழில் என்ன எழுதியிருக்கிறது என்று முட்டை பார்க்கவில்லை. அந்தக் கை தினமும் எதைச் செய்கிறது என்று மட்டும் பார்த்தது. ரிக் வண்டியில் இருபது வருஷம் போர்வெல் போட்ட மாரியப்பனுக்குத் துளையிடுபவர் எண் வந்தது. எட்டே மாதத்தில் குடும்பத்தோடு விமானம் ஏறினார். இரண்டு இன்ஜினியரிங் பட்டம் வாங்கிவிட்டு மாமா ஓட்டலில் சும்மா ஒத்தாசை செய்வதாகச் சொல்லிக்கொண்டிருந்த கோகுல்ராஜுக்குச் சமையல்காரர் எண் வந்தது. அவன் முகம் கோணவில்லை, அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்த தேவிப்ரியாவுக்குச் சிறைக்காவலர் எண் வந்தது. அந்தப் பள்ளிக்கூடத்தை அறிந்தவர்கள் அது சரிதான் என்றார்கள். ஒரு வார்டு மெம்பர் கையில் முட்டை எண் எதுவும் வராமல் அப்படியே அவிந்துபோனது. அவர் உப்பும் மிளகும் வாங்கி, உரித்துச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

இத்தனை பேர் எண்ணும் இன்னார் எண் என்று தெரிந்த ஊருக்கு, சுகன்யாவின் எண் மட்டும் சுகன்யாவின் எண்ணாகத் தெரியவில்லை. பனமரத்துப்பட்டியிலிருந்து கல்யாணமாகி வந்தபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது. இரண்டாம் வருஷமே தீவனக் கலவை அவள் கைக்கு வந்துவிட்டது. ஓடு மெலிந்தால் கிளிஞ்சல் எவ்வளவு கூட்ட வேண்டும், எச்சத்தின் நிறம் மாறினால் எந்த வரிசையைத் தனியாக ஒதுக்க வேண்டும், எந்தக் கிழமையில் எந்தத் தடுப்பூசி, எல்லாம் அவள்தான். அவள் புருஷன் சிவபிரகாஷ் வேனில் முட்டை ஏற்றி ஈரோடு, சேலம் போய்வருவான். நல்லவன், குடிக்க மாட்டான், வண்டியில் பழைய பாட்டு போட்டுக்கொண்டு போவான். மாமனார் சடையன் ஆபீஸ் ரூமில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருப்பார். லைசென்ஸ் அவர் பெயரில், பேங்கு அவர் பெயரில், லெட்டர்பேடிலும் அவர் பெயர். பதினோரு வருஷத்தில் சுகன்யா கையெழுத்துப் போட்டதெல்லாம் மகள் யாழினியின் ரேங்க் கார்டு ஒன்றில்தான். தீவு நாடு பண்ணைக்காரரைக் கூப்பிடுகிறது என்று ஹெலன் சொன்ன அன்றே அவள் மனதில் அது பதிந்துவிட்டது. அங்கே போய்த் தன் பெயரில் ஒரு பண்ணை வைக்க வேண்டும். அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான், ஆனால் அது ரொம்ப வேண்டியிருந்தது.

சடையன் அன்றே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "கல்யாணமான புள்ளை கையில வர்றது புருசன் நெம்பருங்க. ரேசன் கார்டுல எப்புடியோ அப்புடித்தான்." தேவிப்ரியா டீச்சருக்குத் தனியாக வந்ததே என்று யாரோ இழுத்தார்கள். அவங்க வெளிய போயிச் சம்பளம் வாங்கறவங்க, அது வேற என்றார் சடையன். கூடியிருந்தவர்கள் அதுவும் நியாயம்தான் என்று தலையாட்டினார்கள். சிவபிரகாஷையே ஒரு முட்டை எடுத்துப் பார்க்கச் சொல்லலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் அந்த வீட்டு ஆண்கள் முட்டை பொறுக்கும் வழக்கமில்லை. சுகன்யா ஏன் அப்போதே வாயைத் திறக்கவில்லை என்று கேட்கிறவர்கள் அந்தப் பக்கம் பெண் கொடுக்காதவர்கள். அவள் ஒன்றும் பயந்துபோய் நிற்கவில்லை. தன் வேலை தனக்குத் தெரியும் என்ற தைரியம் இருந்தது, அதனால் நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விண்ணப்பம் சிவபிரகாஷ் பெயரில் போனது. பதினோரு வருஷமாகப் பண்ணையை நடத்துவது தன் மகன்தான் என்று சடையன் லெட்டர்பேடில் கடிதம் கொடுத்தார். "உங்க நெம்பர்தானே சார்?" என்று ஹெலன் கேட்டதற்கு, சிவபிரகாஷ் "ஆமாங்க" என்றான். அவன் பொய் சொல்லவில்லை, அப்பா சொன்னதை நம்பியிருந்தான். மாசி மாதம் பதில் வந்தது. இன்னும் இருபது நாளில் ஓர் அதிகாரி வீடியோவில் வந்து வேலையைப் பற்றிக் கேள்வி கேட்பார், தவறினால் ஐந்து வருஷத்துக்கு மறுபடி விண்ணப்பிக்க முடியாது என்று அதில் இருந்தது. அன்று சாயங்காலம் சுகன்யா தோசை வைத்துக்கொண்டே புருஷனிடம் கேட்டாள்.

"ஏனுங்க, சித்திரை வெயில்ல கோழி வாயத் தொறந்து மூச்சு வாங்குனா என்ன பண்ணுவீங்க?"

"உன்னயக் கூப்புடுவேன்."

அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சுகன்யா இன்னொரு தோசையை வைத்துவிட்டு, நாளைக்கு ரெண்டாம் ஷெட்டுல முட்டை நீங்க பொறுக்குங்க என்றாள்.

மறுநாள் சிவபிரகாஷ் ஓர் அட்டை முட்டை பொறுக்கினான். முப்பதிலும் ஏழில் தொடங்கும் எண் இருந்தது. ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தான். அதற்குள் அந்த ஊரில் பச்சைப்பிள்ளைக்குக்கூட எண்கள் மனப்பாடமாகியிருந்தன. அது வண்டி ஓட்டுபவர் எண், தீவு நாட்டில் அதற்கு இடமில்லை. தீவன மூட்டைமேல் உட்கார்ந்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். "பதினோரு வருசமா ஊட்டுக்குள்ளயே மொதலாளிய வெச்சுக்கிட்டு நான் வண்டி ஓட்டிட்டு இருந்திருக்கறேன்" என்றான். அப்பாவிடம் தானே சொல்வதாக எழுந்தான். நீங்க சொல்ல வேண்டாம், நான் சொல்லிக்கறேன் என்று சுகன்யா முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு ஆபீஸ் ரூமுக்குப் போனாள். முட்டைக்குக் காத்திருந்தவர்கள் பன்னிரண்டு பேர் அங்கே இருந்தார்கள். அவள் அதைப் பொருட்படுத்தவில்லை.

"மாமா, அந்தக் கடுதாசிய மாத்தி எழுதோணுங்க. பண்ணைய நடத்தறது நானுங்க."

சடையன் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார். பத்து நாள் யாரிடமும் பேசவில்லை. வேளைக்குச் சாப்பிட்டார், தலையைக் குனிந்தபடி கை கழுவினார். அவர் கையெழுத்தில்லாமல் கடிதத்தை மாற்ற முடியாது. பழைய விண்ணப்பத்தை வீடியோ கேள்வி நாளுக்கு முன்னால் வாபஸ் வாங்கியாக வேண்டும் என்று ஹெலன் தினம் இரண்டு தடவை போன் செய்தார். சுகன்யா கெஞ்சவில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. ஒன்பதாம் நாள் தீவனம் கலக்கும்போது மட்டும் அழுகை வந்துவிட்டது. அழுதாள், முகத்தைக் கழுவினாள், மிச்சமிருந்த மூட்டையைப் பிரித்துக் கொட்டினாள்.

பதினோராம் நாள் விடிகாலையில் சடையன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டாம் ஷெட்டுக்குள் போனார். அவருக்கு அப்போது அறுபத்தெட்டு வயது. குனிந்து, கூண்டிலிருந்து உருண்டு வந்த முட்டையை எடுத்தார். வழுவழு என்று இருந்தது. அடுத்ததை எடுத்தார், அதுவும் அப்படியே. ஓர் அட்டை நிறைந்தது, இன்னோர் அட்டை நிறைந்தது. ஏழு அட்டைகள், இருநூற்றுப் பத்து முட்டைகள், எந்த ஊர்க் கடையிலும் விற்கிற முட்டை மாதிரி ஒரு கீறல் இல்லாமல் இருந்தன. சுகன்யா தீவன வாளியோடு வரிசையின் கோடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ற கையில ஒண்ணுமே வருலியே சாமி."

"சூடு ஆறியிருக்குமுங்க மாமா" என்றாள் அவள். அந்த மனுஷனைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது.

"இல்ல சாமி. சூடாத்தான் இருக்குது" என்றார் சடையன். கையிலிருந்ததை அட்டையில் வைத்துவிட்டு, ஹெலனுக்குப் போன் போடச் சொன்னார்.

கடிதத்தை அவர் வாயால் சொல்ல, ஹெலன் இங்கிலீஷில் எழுதினார். மருமகள் பெயரைத் தப்பில்லாமல் எழுதச் சொன்னார். பதினோரு வருசம், ஒரு நாள் லீவு கெடையாது என்றார். ஹெலன் முடித்துப் பேனாவை மூடப்போனபோது, "சம்பளம்னு ஒண்ணும் குடுக்கலீங்க. அதையும் எழுதுங்க" என்றார். ஹெலன் கொஞ்சம் யோசித்து, குடும்பப் பண்ணைக்கென்று படிவத்தில் ஒரு கட்டம் உண்டு என்று சொல்லி அதில் டிக் அடித்தார். பழைய விண்ணப்பத்தை வாபஸ் வாங்கி, சுகன்யா பெயரில் புதிதாகப் போட்டார். தேதி மூன்று மாதம் தள்ளிப்போனது. அதற்குள் தடுப்பூசி டப்பாக்களின்மேல் படித்துப் படித்துப் பழகிய இங்கிலீஷை வைத்துக்கொண்டே சுகன்யா விண்ணப்பத்துக்கு வேண்டிய இங்கிலீஷ் பரீட்சையிலும் முதல் தடவையில் தேறினாள்.

வைகாசியில் வீடியோவில் வந்த அதிகாரி நரைத்த தாடிக்காரர். வெயிலில் கோழி மூச்சு வாங்கினால் என்ன செய்வாய் என்றுதான் முதல் கேள்வியே கேட்டார். சுகன்யா போனைக் கையில் பிடித்து ஷெட்டுக்குள் நடந்துகொண்டே பதில் சொன்னாள். கூரைமேல் தென்னங்கீற்றைக் காட்டினாள், தண்ணீர் தெளிக்கும் குழாயைத் திறந்து காட்டினாள், எந்த மணிக்குத் தீவனத்தை நிறுத்துவாள் என்று சொன்னாள். ஒரு முட்டையைக் காட்டச் சொன்னார். சூட்டோடு எடுத்துக் காட்டினாள். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அதிலிருந்த ஆறு இலக்கத்தையும் படித்து, தன்முன் இருந்த தாளோடு ஒத்துப் பார்த்து ஒரு கோடு போட்டுவிட்டு, அடுத்த கேள்விக்குப் போனார். மார்கழியில் உரிமை வந்தது. முதல் வரியில் சுகன்யா பெயர் இருந்தது. அதன்கீழ் கணவர் சிவபிரகாஷ், அதன்கீழ் மகள் யாழினி. தை பிறந்ததும் மூவரும் கிளம்பிப் போனார்கள். இப்போது அங்கே ஒரு பண்ணை அவள் பொறுப்பில் இருக்கிறது, சிவபிரகாஷ் வேன் ஓட்டுகிறான்.

அவர்கள் போன மறுநாளிலிருந்து இரண்டாம் ஷெட்டில் சடையன்தான் முட்டை பொறுக்கினார். தீவனத்தையும் அவரே அள்ளிப் போட்டார், தினமும் மருமகளுக்குப் போன் போட்டு இதற்கு என்ன, அதற்கு என்ன என்று கேட்டுக்கொண்டார். பதினான்கு மாதம் வழுவழுப்பாகவே வந்துகொண்டிருந்தது. 2025 பங்குனியில் ஒரு காலை, ஓட்டில் லேசாக ஒரு தடிப்புத் தெரிந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் படித்தார். எட்டில் தொடங்கியது, பண்ணைக் கூலி எண். ஹெலனுக்குப் போன் செய்தார், அவர் தயங்கித் தயங்கி, இதற்குத் தகுதி கிடையாதுங்களே சார் என்றார். "தகுதி எதுக்குங்க, நெம்பர் வந்துருச்சல்லங்க" என்றார் சடையன். கூண்டு வரிசைக்கு முன்னால் முட்டையை உயர்த்திப் பிடித்து ஒரு போட்டோ எடுத்து மருமகளுக்கு அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது: "பாத்தனுங்க மாமா, சந்தோசமுங்க. பின்னால மூணாவது வரிசையில தண்ணி ஒழுகறது தெரியுது, மொதல்ல அதப் பாருங்க." சடையன், "செரீங்க" என்று பதில் போட்டுவிட்டு, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மூன்றாவது வரிசைக்குப் போனார்.