எண்பத்திரண்டு முறை

தங்கையின் கணவர் இறந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. அன்று காலை தங்கை ஒரு பிளாஸ்டிக் உறையோடு அக்கா வீட்டுக்கு வந்தாள். உறைக்குள் முப்பது தாள்கள் இருந்தன. கட்டிலருகே இருந்த கருவி அன்று மதியம் பதிவு செய்ததையெல்லாம் ஆஸ்பத்திரியில் அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். சும்மா கொடுத்துவிடவில்லை, நடையாய் நடந்து வாங்கியிருந்தாள்.

"நீதான் கம்ப்யூட்டர்காரி. படிச்சுச் சொல்லு," என்றாள் தங்கை. "திங்கக்கிழமை ஆஸ்பத்திரில விசாரணை. அந்த நர்ஸ நான் விடப்போறதில்ல."

நுரையீரலில் சளி கட்டிப் படுத்த மனிதர் அவர். தேறிவிட்டார், இரண்டு நாளில் கூட்டிப் போகலாம் என்று டாக்டரே சொல்லியிருந்தார். அதை நம்பித்தான் தங்கை குளித்து உடை மாற்றி வர வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்தபோது அறை வாசலில் கூட்டம். கருவி கூப்பிட்டும் நர்ஸ் வரவில்லை என்றது ஆஸ்பத்திரி. என் கையிலிருந்த போன் ஒரே ஒரு தடவைதான் அடித்தது, உடனே போய்ப் பார்த்தேன் என்றாள் நர்ஸ். அவள் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். தங்கைக்கு நர்ஸ் மேல் ஆத்திரம். அன்று பார்த்துக் குளிக்கப் போன தன் மேல் அதைவிட ஆத்திரம். பன்னிரண்டு நாளாக அவள் சரியாகத் தலைக்குக் குளிக்கவே இல்லை.

அக்காவுக்கு அலுவலகத்தில் 'ஏழு வரி' என்று பெயர். இருபது வருடமாக ப்ரோகிராம் எழுதுகிறவள். ஒரு சிக்கலை அவிழ்த்தால் அதோடு விடமாட்டாள். அதை ஏழு வரி ப்ரோகிராம் கோடாகச் சுருக்கி, மேலே நாலு வார்த்தை விளக்கம் போட்டு, உலகத்தார் எல்லோரும் பார்க்கிற ஒரு குறிப்புப் பக்கத்தில் ஏற்றிவிடுவாள். அப்படி இருநூறு குறிப்புகள் இருந்தன. இந்தத் தொழில்காரர்களின் குணம் விசித்திரமானது. பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி சர்க்கரை கேட்கக் கூச்சப்படுவார்கள். ஊர் பேர் தெரியாத ஒருத்தி எழுதிய கோடை எடுத்துத் தங்கள் கம்பெனியின் நெஞ்சுக்கூட்டுக்குள் வைத்துக்கொள்ள ஒரு கூச்சமும் கிடையாது. எடுத்தவர்களும் சந்தோஷம், கொடுத்தவளுக்கும் பெருமை. தன் குறிப்பை எத்தனை பேர் நகலெடுத்தார்கள் என்று காலையில் பல் துலக்குவதற்கு முன்பே பார்க்கிறவள்தான் அவளும்.

சாப்பாட்டு மேஜையில் தாள்களைப் பரப்பிப் படித்தாள். இரண்டு பத்துக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்திருக்கிறது. கருவி நர்ஸின் போனுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறது. இரண்டு பன்னிரண்டுக்கு நர்ஸ் வந்து பார்த்து, விரலில் நழுவியிருந்த ஆக்சிஜன் கவ்வியை மாட்டி, கருவியில் சரி என்று அழுத்தியிருக்கிறாள். இரண்டு பதினாறுக்கு மறுபடியும் குறைந்திருக்கிறது. இந்தத் தடவை கவ்வி நழுவவில்லை.

அடுத்த வரியில் அவள் விரல் நின்றது.

அந்த வரி ஆங்கில எழுத்தில் இருந்தது, ஆனால் தமிழ். 'ஏற்கெனவே சொல்லியாச்சு, சும்மா இரு.' அடுத்த அரை நிமிடத்துக்கும் அதே வரி. அதற்கடுத்த அரை நிமிடத்துக்கும் அதேதான். நாலு தாளுக்கு அது ஒன்றே ஓடியது. எண்ணிப் பார்த்தாள். எண்பத்திரண்டு முறை. இரண்டு ஐம்பத்தேழோடு நின்றுவிட்டது.

அது அவள் எழுதிய வாக்கியம்.

"என்ன போட்டிருக்கு?" என்றாள் தங்கை. தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி அக்கா எழுந்தாள். தண்ணீர் குடிக்கவில்லை. குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு, போனில் தன் குறிப்புப் பக்கத்தைத் திறந்தாள்.

ஏழு வருடம் முன்பு, அலுவலகத்தில் சர்வர் ஒன்று நின்றால் ஒரே செய்தி நூறு தடவை வந்து போன் உயிரை வாங்கும். அதற்கு மருந்தாக எழுதியது. ஒரு செய்தியைச் சொன்ன பிறகு பத்து நிமிடத்துக்குள் அதே செய்தி வந்தால் அனுப்பாதே, பதிவேட்டில் மட்டும் ஒரு வரி எழுதிவிட்டுப் பேசாமல் இரு. அந்த ஒரு வரியில் ஒரு கிண்டல். அவளுடைய குறிப்புகளிலேயே அதிகம் பேர் நகலெடுத்தது அதுதான். அதில் கடைசி வரி தப்பான இடத்தில் இருந்தது. செய்தியை அனுப்பிய நேரத்தைத்தான் குறித்துக்கொள்ள வேண்டும். அவள் கோடோ அனுப்பாமல் விழுங்கிய செய்திக்கும் நேரத்தைக் குறித்துக்கொண்டது. ஒவ்வொரு தடவையும் பத்து நிமிடம் முதலிலிருந்து ஆரம்பிக்கும். விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருப்பவன் குரல் வெளியே வரவே வராது.

தெரியாமல் போன தப்பும் இல்லை. குறிப்புக்குக் கீழே, ஆறு வருடம் முன்பு, 'மூக்குக்கண்ணாடி' என்ற பெயரில் யாரோ ஒருவர் மரியாதையாக எழுதியிருந்தார். கடைசி வரியை இரண்டு வரி மேலே தள்ளவேண்டும், இல்லாவிட்டால் தொடர்ந்து வருகிற எச்சரிக்கை செத்துவிடும் என்று. அதற்கு அவளும் அன்றைக்கே பதில் போட்டிருந்தாள். தன் அலுவலகத்துக் கோடையும் அன்றைக்கே திருத்திவிட்டாள். குறிப்பை மட்டும் தொடவில்லை. அதுதான் கீழே எழுதியிருக்கிறதே, படிக்கிறவர்கள் படித்துக்கொள்வார்கள் என்று இருந்துவிட்டாள். கோடை எடுப்பவன் கீழே படிக்கமாட்டான் என்பது அவளுக்குத் தெரியாதா? அவளே எத்தனை தடவை படிக்காமல் எடுத்திருக்கிறாள்.

சரியாக எழுதியிருந்தால் இரண்டு இருபதுக்கு நர்ஸின் போன் மறுபடி அடித்திருக்கும். அந்தக் கணக்குத்தான் அவளை வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார வைத்தது.

குறிப்பை அழித்துவிடலாம் என்றுகூட ஒரு புத்தி சொன்னது. யாருக்குத் தெரியும்? எடுத்துப் போட்டவன் பார்த்துப் போட்டிருக்கவேண்டாமா? நோயாளி தூங்கட்டும் என்று கருவியின் சத்தத்தைக் குறைத்து வைத்தார்களே, அது அவள் குற்றமா? எல்லா வாதமும் நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் திங்கட்கிழமை தங்கை எழுந்து நின்று கைநீட்டப்போவது நர்ஸைப் பார்த்து. அந்தப் பெண் ஒரு தடவைதான் அடித்தது என்று உண்மையைச் சொல்லிவிட்டுத் தெருவில் நிற்கிறாள்.

கதவு தட்டப்பட்டது. "அக்கா, உடம்புக்கு என்ன?"

வெளியே வந்தாள். நின்றபடியே சொன்னாள். எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்திருந்தால் சொல்லியே இருக்கமாட்டாள்.

"நர்ஸ் மேல தப்பில்ல. மெஷின் எண்பத்திரண்டு தடவ கூப்பிட்டிருக்கு. ஒண்ணுகூட அவ போனுக்குப் போகல."

"ஏன்?"

"போகவிடாம தடுத்தது நான் எழுதின கோடு."

தங்கைக்கு முதலில் விளங்கவில்லை. நீ எங்கே அந்த ஆஸ்பத்திரிக்கு எழுதினாய் என்று கேட்டாள். அக்கா மடிக்கணினியைத் திறந்து குறிப்பைக் காட்டி, தாளில் இருந்த வரியையும் திரையில் இருந்த வரியையும் விரலால் தொட்டுத் தொட்டு, குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை. தங்கை கீழே உருட்டி, மூக்குக்கண்ணாடி எழுதியதைப் படித்தாள். பிறகு அக்காவின் பதிலை வாய்விட்டுப் படித்தாள்.

"'ரொம்ப நன்றி, நேரம் கிடைக்கும்போது மாத்திடறேன்.'" தேதியையும் பார்த்தாள். "ஆறு வருஷமா நேரம் கிடைக்கலயா, அக்கா?"

அக்கா அழுதாள். தங்கை அழவில்லை, தேற்றவும் இல்லை.

"இப்ப மாத்து," என்றாள்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கடைசி வரியைத் தேர்ந்தெடுத்து, வெட்டி, இரண்டு வரி மேலே ஒட்டினாள். தங்கை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஒரு நிமிஷம்கூட ஆகல," என்றாள். குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

இதை எடுத்துப் போட்ட மற்ற இடங்களில் என்ன ஆகும் என்று கேட்டாள். அங்கெல்லாம் பழையதுதான் ஓடும், யார் யார் எடுத்தார்கள் என்று தனக்கே தெரியாது என்றாள் அக்கா. தங்கை தலையை ஆட்டிவிட்டுத் தாள்களை ஒவ்வொன்றாக அடுக்கி உறையில் போட்டாள்.

"திங்கக்கிழமை நீ வா. அந்த நர்ஸ் முன்னாடி நீயே சொல்லு."

"வரேன்."

சேமிப்பதற்கு முன், என்ன மாற்றினீர்கள் என்று குறிப்புப் பக்கம் ஒரு வரி கேட்டது. பழக்கத்தில் அவள் விரல்கள் வழக்கமாக அடிப்பதை அடித்துவிட்டன. 'சின்னத் திருத்தம்.'

தங்கை அதைப் பார்த்துவிட்டாள். அந்த இரண்டு வார்த்தை மேல் விரலை வைத்தாள்.

"அத அழி," என்றாள். "அவர் பேர எழுது."

அக்கா அழித்தாள். தங்கை கணவரின் பெயரை எழுதினாள். பொத்தானை அழுத்தியதும், திருத்தியதற்கு நன்றி என்று பக்கம் வழக்கம்போல் பச்சை எழுத்தில் சொன்னது.