நடுப்பொட்டு

"வியாதி இன்னான்னு சொல்லிட்டா, துண்டப் போட்டுடலாம் மேஸ்திரி" என்றார் சுந்தரமூர்த்தி. மாடு வாங்கி விற்றுப் பழகியவர். துண்டுக்கடியில் விரலைத் தொட்டு விலை பேசினால்தான் அவருக்கு அது வியாபாரம். இப்போது வாங்க வந்திருக்கும் ஓடாத டிராக்டருக்கும் அதே மரியாதை. மதிப்புப் பார்த்துச் சொல்ல அரக்கோணம் ரயில்வே பிட்டர் எலியாஸைத் திருத்தணிக்குக் கூட்டி வந்திருந்தார். அது நாற்பத்தெட்டாம் வருஷத்துச் சித்திரை வெயில்.

வேணு எதிரே நின்றான். இரண்டு ஜோடி உழவு மாட்டை விற்று, பட்டாளம் கழித்துவிட்ட இந்த டிராக்டரை ஒரு தரகனிடம் வாங்கியவன். நல்ல விலை வந்தால் ஒரு ஜோடியாவது பிடித்து ஆடியில் ஏர் பூட்டலாம். இல்லாவிட்டால் நிலம் தரிசுதான். மூன்று மாதக் கோபத்தை யார் தலையில் கொட்டுவதென்று தெரியாமல் வைத்திருந்தான்.

"எவனால கெட்டுச்சுன்னு மட்டும் தெரியட்டும். கைய ஒடிச்சிடறேன்."

எலியாஸ் எஞ்சினைத் தடவிக்கொண்டே வந்தார். பக்கவாட்டில் மஞ்சள் பூசி, மூன்று குங்குமப் பொட்டு. நடுப்பொட்டு மட்டும் அப்பியது போலத் தடித்திருந்தது. கட்டைவிரலால் தேய்த்தார். அடியில் மயிரிழை வெடிப்பு, நகம் இறங்கியது.

"கடைசியா எப்ப ஓடுச்சு?"

"மாட்டுப் பொங்கலன்னிக்கு. ஆர்.கே.பேட்டை வரைக்கும் ஓட்டிகினு போயி வந்தேன். வந்த சூட்டோட எல்லம்மா குளிப்பாட்டி, பொட்டு வச்சு, படையல் போட்டா. மறுநாள் எழும்பல."

எலியாஸுக்குப் புரிந்துவிட்டது. கொதிக்கிற இரும்பில் குடம் குடமாகக் கிணற்றுத் தண்ணீர்! வெடிக்காமல் என்ன செய்யும்? மாட்டுக்குச் செய்கிற மரியாதையை இதற்கும் செய்திருக்கிறாள், பாவி மகள். வாசற்படியில் நின்ற வேணுவின் பெண்டாட்டி எல்லம்மாள் பக்கம் அவர் திரும்பவில்லை. திரும்பினால் வேணுவும் திரும்புவான்.

துண்டுக்கடியில் சுந்தரமூர்த்தியின் ஒரே ஒரு விரலைப் பிடித்தார். பழைய இரும்பு விலை.

"இன்னா மேஸ்திரி, எதனால?" வேணுவின் குரல் உயர்ந்தது.

"உள்ள வெடிப்பு. பழசு. வித்தவன் பூசி மறைச்சு உன் தலைல கட்டிட்டான்" என்றார் எலியாஸ். இருபது வருஷத் தொழிலில் இரும்பைப் பற்றி அவர் சொன்ன முதல் பொய். கர்த்தர் மன்னிப்பாரோ என்னவோ.

வேணு தரகனின் வம்சத்தையே ஏசிக்கொண்டு தெருவில் இறங்கினான்.

எல்லம்மாள் சொம்போடு வந்து அவர் கையில் தண்ணீர் ஊற்றினாள். குனிந்த தலை நிமிரவில்லை.

"அன்னிக்கு ஊத்தறப்பவே டப்புனு கேட்டுச்சுண்ணா" என்றாள். "அதான் பொட்ட பெருசா வச்சேன்."

எலியாஸ் கட்டைவிரலைத் தேய்த்தார். குங்குமம் போகவில்லை. தண்ணீர் தீர்ந்த பிறகும் அவள் சொம்பைச் சாய்த்தபடியே இருந்தாள்.