மூலையில் ஒரு சின்னக் கோடு

குளிர்பதனக் கிடங்கின் கட்டுப்பாட்டு அறையில், கணினித் திரை முழுவதையும் ஜாவா மொழியில் எழுதிய ஒரு எச்சரிக்கை ஜன்னல் அடைத்துக்கொண்டு நிற்கும். குழாயில் அமோனியா கசிந்தால் அது சிவப்பாக மாறும். சைரன் வாங்கச் சொன்னால் "அடுத்த வருஷம் பாப்போம்" என்பார் மேனேஜர். மகராசன், வாக்கு மாறாதவர், ஒவ்வொரு வருஷமும் அதையேதான் சொன்னார். யாரும் மூடிவிடக் கூடாதென்று ஜன்னலின் மேல்பட்டையைப் பொத்தான்களோடு எடுக்கச் சொன்னவரும் அவரே. எடுத்தவன் புரோகிராமர்.

அங்கே திரையைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவனுடைய மச்சினனுக்கு. அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் புரோகிராமர்தான்.

"மாமா, லாரிக் கணக்கையும் இதே கம்ப்யூட்டர்லதான் போடணும். உங்க ஜன்னல் நந்தி மாதிரி மறைச்சுக்கிட்டு நிக்குது. சின்னதாக்க ஒரு பட்டன் வைங்களேன்" என்று நச்சரித்தான் மச்சினன்.

மனைவியின் தம்பி கேட்டால் மறுக்க முடியுமா? மேனேஜரிடம் மூச்சுவிடாமல், மூலையில் ஒரு சின்னக் கோடு போட்டுப் பொத்தானாக்கினான். அமுக்கினால் ஜன்னல் சுருங்கித் திரையின் கீழ்ப்பட்டையில் போய் உட்காரும்; அங்கே தட்டினால் எழுந்து வரும். தன் கணினியில் அமுக்கி அமுக்கிப் பார்த்து மெச்சிக்கொண்டு, கிடங்குக் கணினிக்கு அனுப்பிவைத்தான். அங்கே அந்தக் கீழ்ப்பட்டையையும் தானே மறைத்து வைத்தது படுபாவிக்கு நினைவு வரவில்லை.

மறுநாள் காலையில் போன் வந்தது. "மாமா, பட்டனை அமுக்கினேன். ஜன்னல் போனது போனதுதான், திரும்ப வரல. மேனேஜர்கிட்ட சொல்லிடட்டுமா?"

"சொல்லித் தொலைக்காதே! ரெண்டு பேர் வேலையும் போயிடும். சாயங்காலம் நானே வந்து சரி பண்றேன்."

மச்சினன் வாயைத் திறக்கவில்லை. ஆனால் சும்மாவும் உட்காரவில்லை. திரைதான் இல்லையே என்று குழாய் அறைக்கே போய்ப் போய் முகர்ந்து பார்த்துவிட்டு வந்தான். மத்தியானம் அப்படிப் போனவனைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள்.

அடக்கம் முடிந்த மறுநாள் மேனேஜர் புரோகிராமரைக் கூப்பிட்டார். "டியூட்டில தூங்கியிருக்கான், கடைசி நேரத்துல பதறி உள்ள ஓடியிருக்கான்னு எழுதியாச்சு. விசாரணைக்கு வர்றாங்க. அந்தப் பட்டன் யார் வேலைன்னு நான் கேக்கல. எடுத்துடுங்க."

அவன் எடுத்துவிட்டான்.

வீட்டில் மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். "தூங்கிட்டான்னு சொல்றாங்களாமே. என் தம்பி வேலைல தூங்குறவனா? நீங்களாவது அவங்ககிட்ட எடுத்துச் சொல்லக் கூடாதா?"

அவன் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னான். "அலுப்புல கொஞ்சம் கண்ணசந்திருப்பான்."