தோலோடு தின்னும் பட்டாணி

அம்மா இத்தாலியில் ஒரு கிழவியின் மலச்சட்டியைப் பதினோரு வருடம் கழுவினாள். அந்தக் காசில்தான் நான் படித்தேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். நோயோடு ஊர் திரும்பிய அம்மா கைக்குட்டையில் முடிந்து ஒரு பிடி பட்டாணி விதை கொண்டுவந்தாள். தோலோடு தின்கிற ஜாதி. எங்கள் ருமேனியக் கிராமத்தில் எவரும் பார்த்திராதது.

மார்ச்சில் வேலியோரம் அத்தனையையும் ஊன்றினோம். நான் குழி போட, அவள் நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒவ்வொன்றாக நீட்டினாள்.

"செத்தவங்களுக்குக் குடுக்கிற நாள்ல எனக்கு இதையே குடுடி. செர்ரிப் பழத்த குடுத்து ஏமாத்தாத."

"சும்மா இரும்மா. காய்ச்சா நீதான் திங்கப்போற."

முளை வருமுன் போய்விட்டாள்.

பெந்தெகொஸ்தே திருநாளுக்கு முந்தின சனிக்கிழமை, இறந்தவர் பெயரில் முதல் விளைச்சலை, பெரும்பாலும் செர்ரிப் பழத்தை, புதுக் கிண்ணத்தில் வைத்து, மெழுகுவத்தியோடு அடுத்த வீட்டுக்குக் கொடுப்போம். இங்கே கொடுப்பது அங்கே போய்ச் சேருமாம். எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் அம்மா என்னிடம் கேட்டது இது ஒன்றுதான். குச்சி நட்டு, நத்தை பொறுக்கி வளர்த்தேன். மூன்று காய்களில் மட்டும் விதைக்கென்று சிவப்பு நூல் கட்டினேன்.

அன்று காலை மெழுகுவத்தி வாங்கிக்கொண்டு திரும்பினால், உதவிக்கு வந்திருந்த தின்கா அத்தை சமையலறைப் படியில் உட்கார்ந்திருந்தாள்.

"வா ஸ்மரண்டா. எல்லாத்தையும் பறிச்சு உரிச்சுட்டேன். என்னடி காய் இது, உள்ள ஒண்ணுமே இல்ல! பட்டதாரி வளர்த்த பட்டாணி!"

கிண்ணத்தின் அடியில் மிளகளவு மணிகள்.

"தோல் எங்க அத்த?"

"பன்னிக்குப் போட்டேன். பின்ன, தோலையா திம்பாங்க?"

"தோலோடதான் திங்கணும்! உயிரோட இருந்தப்பவும் அவளுக்கு மிச்சம் மீதிதான். செத்தப்புறமுமா?"

அத்தையின் முகம் சுருங்கிப்போனது. நகமெல்லாம் பச்சை. "எனக்கு எப்படிடி தெரியும்? யாரு சொன்னீங்க?"

உண்மைதான். படிக்காதவளிடம் இதையெல்லாம் என்ன சொல்வது என்று நான்தான் சொல்லாமல் விட்டேன்.

கொடியில் சிவப்பு நூல் கட்டிய மூன்று காய்கள் மிச்சம் இருந்தன. விதைக்கு விட்டதை எங்கள் ஊரில் யாரும் தொடமாட்டார்கள், அத்தையும் தொடவில்லை. அவற்றையும் பறித்துவிட்டால் அடுத்த வருடத்துக்கு ஒரு விதைகூட இல்லை.

நூலை அறுத்தேன்.

அடுத்த வீட்டு வலேரியா கிண்ணத்தை வாங்கி, ஒரு காயைப் பிளக்கப் போனாள்.

"பிளக்காதீங்கக்கா. அப்படியே கடிங்க."

சந்தேகத்தோடு கடித்தாள். நறுக்கென்றது.

"அடியே, தோலே இனிக்குதே! உங்கம்மா சாவேத்தாவுக்குப் போய்ச் சேரட்டும். அடுத்த வருஷம் எனக்கும் நாலு விதை குடு, என்ன?"

தருகிறேன் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.