வலதுபக்கச் சட்டம்

அந்தப் பட்டறையில் பெரியவரின் சுத்தியல் சொல்வதுதான் தீர்ப்பு. பழைய கார் ஒன்று உள்ளே வந்தால் முதலில் அதைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துவார்கள். பெரியவர் கீழே படுத்து, கைக்கு அடக்கமான ஒரு சுத்தியலால் அடிப்பாகம் முழுவதையும் தட்டிக்கொண்டே போவார். நல்ல இரும்பு கணீரென்று பேசும். உள்ளுக்குள் துரு தின்ற இரும்பு தொத் தொத்தென்று முனகும். கணீரென்றால் சாக்பீஸால் ஒரு வட்டம் போடுவார், அதை விட்டுவிடலாம். தொத்தென்றால் பெருக்கல் குறி, வெட்டி எறிய வேண்டியதுதான். அதற்கப்புறம் அவருடைய தம்பி வருவார். ஊரெல்லாம் சின்னவர் என்று கூப்பிடுகிற அந்தத் தம்பிக்கும் தலை நரைத்துவிட்டது. குறி போட்ட இடத்தை வெட்டுவார், புது இரும்பை வைத்துப் பற்றவைப்பார். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டார். அண்ணன் வட்டம் போட்டால் அது வட்டம்தான்.

இதில் ஒரே ஒரு சிக்கல். பெரியவருக்குக் காது கேட்காமல் போய்க்கொண்டிருந்தது.

ஒரே நாளில் போகவில்லை. ஆயுசு முழுக்க இரும்பு வெட்டுகிற மெஷினோடு குடித்தனம் நடத்தினால் எந்தக் காதுதான் நிலைக்கும்? முதலில் போன் மணி போனது, பிறகு குக்கர் விசில், பிறகு மனிதர்கள் பேச்சு. மனுஷன் ஒத்துக்கொண்டாரா? அதுதான் இல்லை. வாயசைவைப் பார்த்தே சமாளித்தார். மற்றவர்கள் சிரித்தால் தானும் சிரித்தார். எதையாவது கேட்டுவிட்டு, பதில் வந்ததோ இல்லையோ, தானே தலையை ஆட்டிக்கொண்டு நகர்ந்துவிடுவார். பார்க்கிறவர்களுக்கு அவர் பெரிய ஞானி மாதிரி இருக்கும். நாசமாய்ப் போன கௌரவம்!

கட்டினவளிடம் மறைக்க முடியுமா? அவள் ஒருநாள் எதிரில் நின்று, கண்ணைப் பார்த்துச் சொன்னாள்.

"ஒரு தடவை டாக்டரைப் பாத்துட்டு வந்துடலாங்க. காதுல மாட்டுற மெஷின் இப்ப எவ்வளவு சின்னதா வருது தெரியுமா?"

"அதை மாட்டிக்கிட்டு நான் பட்டறையில தட்டிப் பாத்தா, எவன் என்னை நம்புவான்?" என்று கத்தினார். தெருவே கேட்கும்படி கத்தினார். அது அவருக்குத் தெரியாது.

அவர் பயம் அவருக்கு. கை நடுங்குகிறது, பற்றவைப்பு வேலை போய்விட்டது. கிட்டத்துப் பார்வை மங்கல், நுணுக்கமாக எதையும் பொருத்த முடியாது. தட்டிப் பார்த்துச் சொல்வது ஒன்றுதான் மிச்சம். அதுவும் போனால் தம்பி உழைப்பில் மூலையில் உட்கார்ந்து சாப்பிடுகிற ஆள், அவ்வளவுதான். செத்தாலும் அப்படி ஆகக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தார்.

அப்படியிருக்கும்போதுதான் பல் டாக்டரின் கார் வந்தது. டாக்டரின் வயசுதான் அந்தக் காருக்கும். வெளியே பார்த்தால் கண்ணாடி மாதிரி பெயிண்ட், அடியில் பார்த்தால் ஒரே துரு. முன்பக்கம் சப்ஃப்ரேம் என்று ஒன்று உண்டு. இடதும் வலதுமாய் இரண்டு நீளச் சட்டங்கள், நடுவில் ஒரு குறுக்குச் சட்டம். இன்ஜின், முன்சக்கரம் எல்லாவற்றையும் அதுதான் தாங்குகிறது. அது உடைந்தால் ஓடுகிற கார் மூக்கு குப்புற ரோட்டில் விழும். இதில் யாரோ ஒரு புண்ணியவான் துருவின் மேலேயே கெட்டியாகத் தார் பெயிண்டைப் பூசி மெழுகியிருந்தான்.

பெரியவர் படுத்துத் தட்டினார். இடதுபக்கச் சட்டத்தைத் தட்டவே தேவையில்லை, விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை. பெருக்கல் குறி. வலதுபக்கச் சட்டம் பார்வைக்கு முழுசாக இருந்தது. தட்டினார். ஒன்றும் வரவில்லை. கணீரும் இல்லை, தொத்தும் இல்லை. இன்னும் ஓங்கித் தட்டினார். கைக்கு அதிர்வு வந்தது, காதுக்கு எதுவும் வரவில்லை. பக்கத்தில் தம்பி விளக்கைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தார். இன்னொரு தரம் தட்டினால் தம்பிக்குச் சந்தேகம் வந்துவிடும். பெரியவர் சாக்பீஸை எடுத்து அழுத்தமாக ஒரு வட்டம் போட்டார்.

தம்பி அந்த வட்டத்தையே பார்த்தார். பிறகு அண்ணன் முகத்தைப் பார்த்தார்.

"என்னடா முழிக்கிற? இந்தப் பக்கம் கல்லு மாதிரி இருக்கு. இடதுபக்கத்தை மட்டும் மாத்து, போதும்."

"சரிண்ணே" என்று தம்பியின் உதடு அசைந்தது.

வட்டத்தைப் போட்டுவிட்டுப் பெரியவர் மேசைக்கு வந்து உட்கார்ந்தார். போய் அழித்துவிடலாமா என்று இரண்டு தரம் எழுந்தார். அழித்தால் காரணம் சொல்ல வேண்டுமே! உட்கார்ந்துவிட்டார். டாக்டர் அந்தக் காரில் பெண்டாட்டி பிள்ளையோடு மலைப்பக்கம் போகப் போவதாகச் சொல்லியிருந்தார். அதையும் நினைத்தார். நினைத்துவிட்டு, ஒன்றும் ஆகாது, எத்தனை வண்டி பார்த்திருக்கிறோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

சின்னவருக்கா தெரியாது? அண்ணன் தட்டும்போது தொத்தென்ற சத்தம் அவர் காதில் நன்றாகவே விழுந்தது. கல்யாணம் காட்சி என்று எதுவும் இல்லாத மனுஷன், அண்ணன் வீட்டில்தான் சாப்பாடு. அன்றைக்குத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அண்ணியிடம் மெல்ல விஷயத்தைச் சொன்னார். பெரியவர் கூடத்தில்தான் இருந்தார். அவருக்குத் தெரியாமல் பேசுவதற்கு அந்த வீட்டில் யாரும் வெளியே போக வேண்டியதில்லை.

"அவர்கிட்ட நேரா சொல்லிடுங்களேன் தம்பி."

"எப்படி அண்ணி சொல்றது? உடைஞ்சு போயிடுவார். நானே அந்தப் பக்கத்தையும் வெட்டி மாத்திடுறேன். மேல பெயிண்ட் அடிச்சுட்டா அவருக்கென்ன தெரியப் போகுது? நாளைக்கு அவரைக் கொஞ்ச நேரம் எங்கயாவது அனுப்பி வையுங்க."

"ஒத்தையா செய்ய முடியுமா உங்களால?"

"அதெல்லாம் பாத்துக்கலாம்."

பார்த்துக்கொள்ளக்கூடிய விஷயமா அது? சப்ஃப்ரேமை வெட்டும்போது இரண்டு பேர் இருக்க வேண்டும் என்பது அந்தப் பட்டறையில் சட்டம். இன்ஜினுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, ஒருவர் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்க்க வேண்டும். இன்னொருவர் வெட்டுவார். வெட்டுவது தம்பி, ஜாக்கியைப் பார்ப்பது அண்ணன். காய்ச்சலில் கிடந்தபோதுகூட பெரியவர் போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து ஜாக்கி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அண்ணன் மானம் போகாமல் செய்கிற வேலைக்கு அண்ணனையே எப்படிக் கூப்பிடுவது?

மறுநாள் அண்ணி தண்ணீர் பம்ப் கெட்டுப்போச்சு என்று ஒரு பொய் சொல்லி, சாமான் வாங்கப் பெரியவரைக் கடைத்தெருவுக்கு அனுப்பினாள். கடை பூட்டியிருந்தது. வேறு கடை தேடச் சோம்பல். பெரியவர் நேராகப் பட்டறைக்குத் திரும்பிவிட்டார்.

உள்ளே வந்தபோது டாக்டரின் காருக்கு அடியில் தம்பியின் இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. முட்டிக்கு மேலே ஒரே இருட்டு. எப்போதும் பார்க்கிற காட்சிதான்.

"என்னடா, கிரீஸ் வைக்கிறியா?" என்றார்.

ஒரு கால் தரையில் உதைத்தது. மறுபடியும் உதைத்தது. சரி, ஆமாம் என்கிறான், கையில் வேலை இருக்கிறது, தொந்தரவு பண்ணக் கூடாது என்று பெரியவர் நினைத்துக்கொண்டார். பின்பக்கத்தில் இருந்த மேசைக்குப் போனார். காருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒரு கார்புரேட்டரைப் பிரித்துப் பெட்ரோலில் கழுவ ஆரம்பித்தார். நல்ல காற்று வந்தது. அதற்குள் பெட்ரோல் வருகிற ஊசித்துளை ஜெட்டுகளை ஊதி ஊதி வரிசையாக வைத்தார். வெகுநாளைக்குப் பிறகு மனசு கொஞ்சம் லேசாகக்கூட இருந்தது.

தோளில் ஒரு கை விழுந்தது. திரும்பினால் எதிர்ச் சாரியில் தையல்கடை வைத்திருக்கிற அம்மா. அளவெடுக்கிற டேப் கழுத்தில் தொங்குகிறது, முகத்தில் ஈயாடவில்லை. வாய் என்னென்னவோ பேசுகிறது, கை காரைக் காட்டுகிறது.

வலதுபக்கச் சட்டம் சின்னவர் கணக்குப் போட்டதைவிட மோசமாக இருந்திருக்கிறது. வெட்ட வெட்ட உள்ளே இரும்பே இல்லை, துருப் பொடிதான் கொட்டியது. பாதி வெட்டும்போதே சட்டம் மடங்கி, இன்ஜின் சாய்ந்து ஜாக்கியை விட்டு வழுக்கியது. சின்னவரின் வலது கை தோள் வரைக்கும் அதற்கடியில் மாட்டிக்கொண்டது.

தெருவே கூடி இன்ஜினைத் தூக்கியது. ஆஸ்பத்திரியில் கையைக் காப்பாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள். சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம், இவ்வளவு நேரம் நசுங்கிக் கிடந்திருக்கிறதே, பக்கத்தில் யாரும் இல்லையா என்று ஆஸ்பத்திரி டாக்டர் கேட்டார். வாயசைவிலேயே பெரியவருக்கு அது புரிந்தது.

நடைபாதை பெஞ்சில் தையல்கடை அம்மா, பெரியவரின் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். படபடப்பில் ஒவ்வொரு வார்த்தைக்கும் வாய் முழுசாகத் திறந்து மூடியது. எதிரில் நின்ற பெரியவருக்கு ஒரு எழுத்துகூடத் தப்பவில்லை.

"அண்ணே அண்ணேன்னு ஒரே கத்தல். முதல்ல அண்ணன் தம்பிக்குள்ள ஏதோ சண்டைன்னு நினைச்சு சும்மா இருந்துட்டேன். நிக்கவே இல்லை. மிஷினை நிறுத்திட்டு ஓடி வந்து பாத்தா, இவர் பாட்டுக்கு உக்காந்து எதையோ ஊதிக்கிட்டு இருக்கார்."

மனைவி முகத்தைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் கையை எடுத்துவிட்டு, வட்டத்திலிருந்து பம்ப் பொய் வரைக்கும் எல்லாவற்றையும் அவரிடம் சொன்னாள். நானும்தான் பாவி என்று சொன்னாள். பெரியவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். இப்படி ஒரு பிழைப்பு பிழைத்ததற்கு நான் அந்த இன்ஜினுக்கு அடியில் கிடந்திருக்கலாம் என்று தோன்றியது.

மறுநாள்தான் உள்ளே விட்டார்கள். சின்னவர் கண்ணைத் திறந்து கிடந்தார். வலது தோளுக்குக் கீழே போர்வை தட்டையாக இருந்தது. பெரியவர் கட்டில் ஓரத்தில் நின்றார். தம்பியின் உதடு அசைந்தது. காய்ந்து வெடித்த உதடு, அதில் எதையும் படிக்க முடியவில்லை. குனிந்து காதைக் கொடுத்தார். மூச்சுக்காற்று கன்னத்தில் பட்டது, அவ்வளவுதான்.

பெரியவர் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார்.

"எனக்குக் காது கேக்கலை" என்றார். "என்ன சொல்றான்னு நீ சொல்லு."

அவள் மைத்துனரின் முகத்துக்குக் கிட்டே குனிந்தாள். கத்திக் கத்திச் சின்னவருக்குத் தொண்டை போயிருந்தது, கீச்சுக்குரலாகத்தான் வந்தது. அவள் கேட்டாள். கேட்டுவிட்டு அவர் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு கணவனுக்கு நேராகத் திரும்பி, அவருக்குப் புரிகிற மாதிரி ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"அவர் கூப்பிடவே இல்லையாம். நீங்க வந்தப்ப மயக்கத்துல இருந்தாராம். அண்ணன்கிட்ட சொல்லுங்கங்கிறார்."

பெரியவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். வார்டே திரும்பிப் பார்த்தது. எவ்வளவு சத்தமாக அழுகிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. அவளும் சொல்லவில்லை.